மூங்கில் படியும் பதிவேடும்

ட்ரங்குப் பெட்டியைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது மாவு. சலித்தெடுத்த சாமை மாவைப் போல வெளிறிய, நைசான தூள், பெட்டியின் அடியில் விரித்திருந்த பழைய செய்தித்தாளின்மேல் சிறுசிறு குவியலாகக் கிடந்தது. "பூச்சி வராம இருக்க பவுடர் போட்டிருந்தேன் மேடம், அதுவா இருக்கும்" என்றார் வாத்தியார். ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தேன். பவுடர் இல்லை, மூங்கில். மேலே இருந்த கூடையைத் தூக்கி ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்து மெல்லத் தட்டினேன். குண்டூசித் தலையளவு ஓட்டைகளிலிருந்து மறுபடியும் மாவு கொட்டியது. பூச்சி உள்ளே உயிரோடு இருக்கிறது.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்னறை அது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, இரண்டு ஜன்னல். வாத்தியார் அங்கே வேலைக்கு வந்த நாளிலிருந்து மலையாளி மக்களின் வீடுகளில் கேட்டு வாங்கிச் சேர்த்த பொருள்கள் இரண்டு ட்ரங்குப் பெட்டிகளிலும் ஒரு மர பெஞ்சின் அடியிலும் இருந்தன. (இங்கே மலையாளி என்பது மலையின் பழங்குடி மக்களின் பேர். அவர்கள் பேசுவது தமிழ்.) அந்த அறையை ஒரு சிறு காட்சிக்கூடமாக மாற்ற வேண்டும், பிளஸ் டூ முடித்த ஏழு பிள்ளைகளுக்கு அதைப் பராமரிக்கப் பழக்கிக் கொடுக்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம்.

பெட்டிகளைக் காலி செய்து எண்ணினோம். நாற்பத்து மூன்று பொருள்கள். முறம், கூடை, சுரைக்குடுக்கை, தேன் எடுக்கப் போகிறவர்கள் கொண்டுபோகும் கயிறு, திருகைக் கல், களைக்கொத்து, ஒரு மரத்தொட்டி, நாலைந்து மூங்கில் குழாய்கள். ஒவ்வொன்றிலும் வாத்தியார் ஒரு துண்டுத்தாளில் பேரும் ஊரும் எழுதிச் செருகியிருந்தாராம். தாளை இராமபாணப் பூச்சி தின்றிருந்தது. மிஞ்சியவை பத்தொன்பது. அவற்றிலும் பாதி எந்தப் பொருளையும் சேராமல் பெட்டியின் அடியில் கிடந்தன. பையன்கள் மாவு கொட்டும் கூடையைத்தான் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தத் துண்டுத்தாள்களைப் பார்த்துத்தான் வயிறு கலங்கியது. அதற்குக் காரணம் உண்டு.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் பொருள் பராமரிப்புப் பயிற்சிக்குப் போனபோது எனக்கு இருபத்தைந்து வயது. 1851இல் தொடங்கிய இடம். 1930களில் எஸ். பரமசிவன் அங்கே ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, பச்சை பூத்துப்போன செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையில் மீட்டெடுத்த வரலாற்றைக் கேட்டுக்கொண்டேதான் நாங்கள் வேலை பழகினோம். வெண்கல நோய் என்று அதற்குப் பேர். மண்ணில் கிடந்தபோது செம்பில் ஏறிய குளோரைடு உப்பு, காற்றில் ஈரம் கூடினால் விழித்துக்கொள்ளும். வெளிர்பச்சைத் தூளாகப் பூக்கும். துடைத்தால் போகும், அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் திரும்ப வரும். கண்ணுக்குத் தெரிகிற தூளைத் துடைப்பது வைத்தியம் ஆகாது, உள்ளே இருக்கும் உப்பையும் வெளியே இருக்கும் ஈரத்தையும் பார்க்க வேண்டும் என்று அங்கே ஆழமாகப் பதிந்தது. எல்லாம் கற்றுக்கொண்டு வந்துவிட்டேன் என்ற நம்பிக்கையோடு ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

சேர்ந்த வருஷம் பொங்கலுக்கு முன்னால் அங்கே வெள்ளையடித்தார்கள். ஒரு பேழையில் இரும்புக் கத்தி, அம்பு முனை, சுடுமண் கிண்ணம் என்று நாற்பதுக்கு மேல் பொருள்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஊர்ப்பேர் எழுதிய அட்டை சாய்த்து வைத்திருந்தது. பொருளின்மேல் எண் கிடையாது. பொருள்களைப் பஞ்சில் பொதிந்து, ஒன்றோடொன்று மோதாமல், கீறல் விழாமல், பயிற்சியில் சொன்னபடியே தட்டுகளில் இறக்கினேன். அட்டைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு டப்பாவில் போட்டு வைக்கச் சொன்னேன், சுண்ணாம்பு தெறிக்காமல் இருக்குமே என்று. நான்கு நாள் கழித்துத் திரும்ப அடுக்க உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. ஒரே மாதிரி பதினைந்து கத்திகள். ஒரே மாதிரி கிண்ணங்கள். எந்த அட்டை எதற்கு? பழைய கோப்புகள், புகைப்படங்கள், முன்பு இருந்தவர்களின் நினைவு எல்லாவற்றையும் தோண்டி, பல மாதம் உழைத்துப் பெரும்பாலானவற்றைச் சேர்த்துவிட்டேன். பதினொன்று மட்டும் சேரவில்லை. அந்தப் பதினொன்றுக்கும் "கிடைத்த இடம் தெரியவில்லை" என்று என் கையாலேயே அட்டை எழுதினேன். ஒன்றில்கூடக் கீறல் இல்லை. ஆனால் அவை எந்த ஊர் மண்ணிலிருந்து வந்தவை என்பது போய்விட்டது. அதை எந்த ரசாயனத்தாலும் மீட்க முடியாது.

பொருளை அழிக்கும் காரணிகளைக் கனடாவின் பாதுகாப்பு நிறுவனம் பட்டியலிட்டிருக்கிறது. அடி, திருட்டு, தீ, தண்ணீர், பூச்சி, மாசு, வெளிச்சம், வெப்பம், ஈரப்பதம் என்று ஒன்பது. பின்னால் பத்தாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: பொருளும் அதன் சேதியும் பிரிந்துபோவது. உலகம் முழுவதும் பயிற்சி வகுப்புகளில் இந்தப் பத்தையும் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்குக் கையில் சாக்பீஸ் கொடுத்தால் பத்தாவதைத்தான் முதலில் எழுதுவேன். ஜவ்வாது மலையிலும் அப்படித்தான் எழுதினேன்.

ராபர்ட் புரூஸ் ஃபூட்டை இதற்கு உதாரணமாகச் சொல்வது என் வழக்கம். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியை இனங்கண்டவர் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். என் தொழிலில் அவர் பெரியவராக நிற்பது இன்னொரு காரணத்துக்காக. நாற்பது ஆண்டு தென்னிந்தியா முழுக்க நடந்து பொறுக்கிய கல்லையும் ஓட்டையும், எந்த ஊரில், எந்தக் குன்றடியில் கிடைத்தது என்று குறித்து, எண் போட்டு வைத்திருந்தார். அந்தச் சேகரிப்பை 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. அட்டவணை அவர் இறந்த பிறகு 1914இல் அச்சானது. இன்றைக்கு ஓர் ஆய்வு மாணவி அந்த அட்டவணையில் ஓர் எண்ணைப் பார்த்து, பேழையில் அதே எண்ணுள்ள கல்லைக் கையில் எடுத்து, கிடைத்த ஊருக்குப் பஸ் ஏறிப் போகலாம். கல் எங்கும் கிடைக்கும். எண் இல்லாவிட்டால் அது அருங்காட்சியகத்தில் இருந்தாலும் வெறும் கல்தான்.

முதல் நாள் வகுப்பு கை கழுவுவதில் தொடங்கியது. கையுறை போடச் சொல்வீர்கள் என்று நினைத்தோம் என்றாள் ஒரு பெண். உலோகத்துக்குக் கையுறை வேண்டும், நம் வியர்வை உப்பு அதில் ஏறும். மூங்கில் கூடைக்குக் கையுறை போட்டால் சிலாம்பில் நூல் மாட்டி இழுக்கும். சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைத்த வெறுங்கைதான் அதற்குச் சரி. கூடையைக் காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அது பிறந்தது முதல் தூக்கித் தூக்கித் தேய்ந்த இடம் அதுதான். ஒரு கை அடியில், ஒரு கை பக்கத்தில். தூக்கும் முன்னால் எங்கே வைக்கப் போகிறோம் என்று இடத்தைக் காலி செய்துகொள்ள வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் அரை நாள் பழக்கினேன். பொருள் உடைவது பெரும்பாலும் தூக்கும்போது இல்லை, வைக்க இடம் தேடித் திரும்பும்போதுதான்.

உளுத்த கூடைக்கு வருவோம். ஒரு பையன் கேட்ட கேள்வி நியாயமானது. "எங்க வீட்ல இதே மாதிரி கூடை இருக்கு மேடம், தாத்தா காலத்துது. அது உளுக்கவே இல்லையே?" அன்று மாலையே அந்தப் பையனின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கூடை அடுப்புக்கு நேர் மேலே பரணில் இருந்தது. விதைச் சாமையும் அங்கேதான். காலை மாலை எழும் புகை படிந்து படிந்து கூடை காபிக் கொட்டை நிறத்தில் மினுங்கியது. மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்துக்காகத்தான் வண்டு முட்டையிடுகிறது. புகையும் சூடும் வறட்சியும் அதை அண்ட விடுவதில்லை. மூங்கிலைத் தேய்பிறையில்தான் வெட்டுவோம் என்றும் அந்த வீட்டுப் பெரியவர் சொன்னார். வீட்டில் இருந்தவரை நூறு வருஷம் நிற்கக்கூடிய பொருளை நாம் வாங்கி வந்து, புகை இல்லாத, காற்று இல்லாத இரும்புப் பெட்டிக்குள் பூட்டினோம். காப்பாற்றப் போகிறோம் என்று சொல்லி எடுத்து வந்த பொருள் நம் கையில்தான் உளுத்தது. வாத்தியார் இதைக் கேட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் சேர்த்திராவிட்டால் அந்த நாற்பத்து மூன்றில் பாதி அடுப்பில் எரிந்தே போயிருக்கும்.

காட்சி அறையில் அடுப்பு மூட்ட முடியாது. புகைக்கரி துணியையும் தாளையும் கெடுக்கும், தீப்பயம் வேறு. அந்துருண்டை வாசம் பூச்சியைவிட மனிதரை அதிகம் விரட்டும், உள்ளே இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. குளிர வைப்பதுதான் இப்போது நாங்கள் நம்பும் வழி. மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது ஒரு வாரம். போளூரில் ஒரு ஐஸ்கிரீம் கடைக்காரர் தன் டீப் ஃப்ரீசரில் இடம் தந்தார். வெப்பமானி வைத்துப் பார்த்தால் மைனஸ் 18தான் காட்டியது, அதனால் இரண்டு வாரம் வைத்தோம். கூடைகளைத் துணியில் சுற்றி, பாலித்தீன் உறையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி டேப் ஒட்டினோம். வெளியே எடுத்த பிறகு ஒரு முழு நாள் உறையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் குளிர்ந்த மூங்கிலின்மேல் காற்றின் ஈரம் வியர்த்துப் படியும். அந்த ஒரு நாள் பொறுப்பதுதான் பிள்ளைகளுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஈரப்பதமானி என்பது என்ன, எதற்கு அதைத் தினமும் மூன்று வேளை பார்த்து எழுத வேண்டும் என்பதைப் புரியவைக்க எனக்குக் காவலூர் உதவியது. மலையின் இன்னொரு பக்கத்தில் வைணு பாப்பு வான்நோக்கு நிலையம் இருக்கிறது. பிள்ளைகள் எல்லோரும் பள்ளியிலிருந்து போய் வந்தவர்கள். 2.34 மீட்டர் தொலைநோக்கியை அண்ணாந்து பார்த்தவர்கள். வானம் தெளிவாகவே இருந்தாலும் காற்றில் ஈரம் ஒரு அளவுக்கு மேல் ஏறினால் குவிமாடத்தை மூடிவிடுவார்கள், ஆடியின்மேல் பனி படிந்தால் அதன் அலுமினியப் பூச்சு கெடும் என்பதற்காக. நட்சத்திரத்தைப் பார்க்கிறவர்களும் நாமும் பயப்படுவது ஒன்றுக்குத்தான் என்றேன். எங்கள் அறையில் அந்த வாரம் ஈரப்பதம் காலையில் 88 சதவீதம், மத்தியானம் 70. 65க்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சை பிடிக்கும். குளிர்சாதனம் வாங்கப் பணம் இல்லை, வாங்கினாலும் மின்சாரம் போய்ப் போய் வரும் இடத்தில் அது கேடுதான்: ஏறி இறங்கும் ஈரம், ஒரே நிலையில் இருக்கும் ஈரத்தைவிட மோசம். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து செங்கல் உயரம் தூக்கி வைத்தோம். பதினொரு மணிக்கு வெயில் வந்தால் ஜன்னல் திறப்பு, நாலு மணிக்கு மூடல். பெட்டியில் விரித்திருந்த செய்தித்தாளை எறிந்துவிட்டுக் காடா துணி வாங்கி, கஞ்சி போக மூன்று தண்ணீரில் அலசிக் காயவைத்து விரித்தோம். கஞ்சி இருந்தால் அதற்கே பூச்சி வரும்.

எண் எழுதும் நாள்தான் எனக்குப் பிடித்த நாள். பாராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து, பொருளின் கண்ணில் படாத, ஆனால் திருப்பாமல் படிக்க முடிகிற இடமாகப் பார்த்து, சுண்டுவிரல் நகத்தளவுக்கு ஒரு பூச்சு. அது காய வேண்டும். அதன்மேல் இந்திய மையில், தொட்டு எழுதும் மெல்லிய நிப்பால் எண். அது காய வேண்டும். மேலே இன்னொரு பூச்சு. நாளைக்கு வேண்டாமென்றால் அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தால் பொருளுக்குச் சேதமில்லாமல் எல்லாம் வந்துவிடும். பேழையின் முன்னால் நிற்கிறவருக்கு இது தெரியப்போவதில்லை. நகப்பூச்சு போடக் கூடாதா என்று கேட்டாள் ஒருத்தி. அதைப் போட்டுப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். சில வருஷத்தில் மஞ்சளித்து, செதிலாக உரிந்து, எண்ணோடு சேர்ந்து விழுந்துவிடும். கூடைக்கும் கயிற்றுக்கும் பூச்சு ஆகாது, பருத்தி நாடாவில் எண் எழுதித் தளர்வாகக் கட்ட வேண்டும். அன்று கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஏழு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினார்கள். திருகைக் கல்லில் "7" போட்ட பெண் நிமிர்ந்தபோது அவள் நெற்றி வியர்த்திருந்தது.

எண் போட்டாகிவிட்டது. பேர்?

துண்டுத்தாள் இல்லாத பொருள்களை ஊரில் மூத்தவர்களிடம் காட்டுவது என்று முடிவு செய்தோம். ஒரு பாட்டியைப் பேத்தி கைப்பிடித்து அழைத்து வந்தாள். பெஞ்சில் உட்கார மறுத்துத் தரையில் காடா துணியின் ஓரத்தில் உட்கார்ந்தார். மூங்கில் குழாய்களை வரிசையாக வைத்திருந்தோம். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் துண்டுத்தாள் மிஞ்சியிருந்தது: "மூங்கில் குவளை." பேத்தி அதைப் படித்துக் காட்டினாள்.

பாட்டி அதை எடுத்து வாயோரத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினார்.

"இத யாரு கண்ணு கொவளைன்னு எழுதுனது? இதுல யாரு தண்ணி குடிக்கறது? இது படி."

எப்படிச் சொல்கிறீர்கள் பாட்டி என்றேன். என் விரலைப் பிடித்து வாயோரத்தில் வைத்தார். ஒரு பக்கம் விளிம்பு கூராக, அறுத்தபடியே இருந்தது. எதிர்ப்பக்கம் மழமழவென்று உள்வாங்கித் தேய்ந்திருந்தது. "சாமைய அள்ளுனா குச்சி வெச்சு வழிப்போம்ல, தலதட்டி. வழிச்சு வழிச்சு இந்தப் பக்கந்தான் தேயும். கடன் குடுக்கறப்ப தலதட்டிக் குடுப்பாங்க, திருப்பி வாங்கறப்ப குமிச்சு வாங்குவாங்க." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் மாறியது. அது யாரைப் பற்றி என்று நான் கேட்கவில்லை. பையன் ஒருவன் ஓடிப்போய் மளிகைக் கடையில் இரும்புப் படி வாங்கி வந்தான். சாமை கொட்டி அளந்து பார்த்தோம். இரும்புப் படியைவிட ஒரு கைப்பிடி குறைந்தது.

நான் அந்தக் குழாயை இரண்டு நாளாகக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். விட்டம், உயரம், கணு, நிறம், உளு ஓட்டையின் எண்ணிக்கை எல்லாம் நிலைக் குறிப்பில் எழுதியிருக்கிறேன். "வாயோரம் ஒரு பக்கம் தேய்மானம்" என்றுகூட எழுதியிருந்தேன். தேய்மானத்தைச் சேதம் என்ற தலைப்பின் கீழ் போட்டிருந்தேன். அன்று ராத்திரி பதிவேட்டில் அதைச் "சேதம்" பகுதியிலிருந்து "பயன்பாட்டுத் தடம்" என்ற புதிய பகுதிக்கு மாற்றினோம். அதற்குப் பிறகு அந்தப் பகுதிதான் பதிவேட்டில் வேகமாக நிரம்பியது. பாட்டி சொன்னதைப் பேத்தி அவர் பேச்சிலேயே எழுதினாள், திருத்தாமல்.

செங்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாம் இந்த மலைத்தொடரை ஒட்டிய நிலத்தின் பாட்டு. கூத்தர்கள் தங்கள் இசைக்கருவிகளைப் பையில் கட்டிக்கொண்டு வருவதில் தொடங்கும். ஒவ்வொரு கருவிக்கும் பேர் வரும்: ஆகுளி, பாண்டில், களிற்றுயிர்த்தூம்பு, எல்லரி, பதலை. பேர்கள் கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டாக அப்படியே இருக்கின்றன. அந்தக் கருவிகளில் பலவற்றை இதுதான் என்று யாரும் இன்று உறுதியாகக் கையில் எடுத்துக் காட்ட முடியாது. நம்மிடம் இருந்ததோ நேர்மாறு: பொருள் கையில், பேர் இல்லை. இரண்டும் ஒரே இழப்பின் இரண்டு பக்கம் என்று வகுப்பில் சொன்னேன். சொன்னபோது எனக்கே தொண்டை அடைத்தது.

கற்கோடரி விஷயம் ஆறாம் நாள் வந்தது. புதூர்நாடு, நெல்லிவாசல் பக்கமெல்லாம் மரத்தடியில், சின்னக் கோயில்களில், புதிய கற்காலத்து வழவழப்பான கற்கோடரிகளைப் பிள்ளையார் என்று வைத்துக் கும்பிடுகிறார்கள். உழும்போது கிடைக்கும், வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள், சாமியிடம் சேர்த்துவிடுவார்கள். மலையடிவாரத்தில் பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்து எடுத்ததும் இதே கற்கால மக்களின் ஊர்தான். எங்கள் ஏழு பேரில் ஒருவன் ஊரிலும் இப்படி ஒரு மரம் இருந்தது. காட்சிக்கூடத்தின் நடுவில் வைக்க ஒன்றைக் கேட்டு வாங்கி வந்துவிடலாம் என்று பையன்களுக்கு ஆசை. எல்லோரும் போனோம். வேப்பமரத்தின் வேரிடுக்கில் ஒன்பது கற்கள். எண்ணெயும் மஞ்சளும் படிந்து கருத்திருந்தன. ஒன்றின் முனை உள்ளங்கையில் அடங்குகிற அளவு, வாய்ப்பகுதி இன்றைக்குத் தீட்டியது போல இருந்தது. ஊர்க்கவுண்டர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கலாமா என்று பையன் என்னைப் பார்த்தான். அவரே சொன்னார்: "பாருங்க, படம் புடிங்க. சாமி இங்கதான் இருக்கும்."

நாங்கள் கேட்கவே இல்லை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருள் தொல்பொருள், அதைத் தோன்றியபடி எடுத்துக்கொண்டு வர ஒரு பள்ளிக்கூடத்துக்கு உரிமையும் கிடையாது. ஆனால் சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. இந்த மரத்தடியில் அந்தக் கல் சேதி பிரியாமல் இருக்கிறது. கிடைத்த மண், கும்பிடும் ஆள், எண்ணெய் வைக்கும் நாள் எல்லாம் அதோடு இருக்கின்றன. என் பேழைக்கு வந்தால் அது முதலில் இழப்பது இவற்றைத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, கல்லைத் தொடாமல், அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்தோம். யார் வயலில் எது கிடைத்தது என்று ஊர்க்கவுண்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். பதிவேட்டின் பின்பக்கத்தில் தனிப் பிரிவு: "இருக்கும் இடத்திலேயே." ஒன்பது எண்கள். எண் பதிவேட்டிலும் படத்திலும் மட்டும், சாமியின்மேல் இல்லை.

அப்படியானால் நடுப்பேழையில் என்ன வைப்பது? பிள்ளைகளே வழி கண்டுபிடித்தார்கள். ஓடையிலிருந்து ஒரு கருங்கல்லை எடுத்து வந்து, கொத்தி வடிவம் கொடுத்து, மணலும் தண்ணீரும் விட்டுப் பாறையில் தேய்க்க ஆரம்பித்தார்கள். மாற்றி மாற்றி ஒரு நாள் முழுக்கத் தேய்த்து, விரல் அகலத்துக்கு ஒரு கூர்முனை வந்தது. அதைப் பேழைக்குள் வைக்கவில்லை. மேசைமேல், கயிற்றில் கட்டி, யாரும் எடுத்துத் தடவிப் பார்க்கலாம் என்று வைத்தோம். அருகில் மரத்தடிப் படம். வந்து பார்க்கும் சின்னப் பிள்ளைகள் இந்த ஒரு இடத்தில்தான் அதிக நேரம் நிற்கிறார்கள்.

விளக்க அட்டை எழுதுவதில்தான் எனக்கும் அவர்களுக்கும் கொஞ்சம் சண்டை. மூங்கில் படிக்கு முதல் வரைவு இப்படி வந்தது: பண்டைய காலத்தில் மலைவாழ் பழங்குடியின மக்களால் தானியங்களை அளவிடப் பயன்படுத்தப்பட்ட அளவைக் கருவி. எழுதியவன் அந்தப் பாட்டியின் பக்கத்து வீட்டுக்காரன். "பண்டைய காலமா? பாட்டி நேத்து இங்க உக்காந்திருந்தாங்களே" என்றேன். அவனுக்குக் கோபம். அருங்காட்சியகத்தில் எல்லாம் இப்படித்தானே எழுதியிருக்கிறது என்றான். அவன் சொன்னது உண்மை. நாங்கள்தான் அப்படி எழுதிப் பழக்கிவிட்டோம்.

மறுநாள் செங்கம் பக்கத்து நடுகற்களைப் பற்றிப் பேசினேன். 1972இல் இரா. நாகசாமி பதிப்பித்த தொகுதியில் அந்தக் கல்வெட்டுகள் இருக்கின்றன. எடுத்தனூர்க் கல் ஒன்று, மகேந்திரவர்மன் காலத்தது. எருமைக் கூட்டத்தைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவகத்தி என்பவனுக்கு எடுத்தது. அவன் உருவத்தின் பக்கத்தில் அவனுடைய நாயும் நிற்கிறது. நாயின் பேர் கோவிவன், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று சில சொற்களில் எழுதியிருக்கிறது. யார், எப்போது, என்ன செய்தான், கூட யார் இருந்தது. அவ்வளவுதான். ஆயிரத்து நானூறு ஆண்டுக்குப் பிறகும் அந்த நாயை நமக்குத் தெரிகிறது. விளக்க அட்டைக்கு இதைவிட நல்ல இலக்கணத்தை நான் எந்தப் பயிற்சி நூலிலும் பார்க்கவில்லை. பையன் ஒன்றும் சொல்லாமல் தாளை எடுத்துக்கொண்டு போனான். சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தது:

"படி. சாமை அளக்க. வாயில் ஒரு பக்கம் தேய்ந்திருப்பதைப் பாருங்கள், குச்சியால் தலைதட்டி வழித்த பக்கம் அது. கடைப் படியைவிட ஒரு கைப்பிடி குறைவு."

ஒரு எழுத்தும் நான் மாற்றவில்லை. அட்டையின் நடு தரையிலிருந்து 120 சென்டிமீட்டர் உயரத்தில் வருமாறு மாட்டினோம், பள்ளிப் பிள்ளைகளின் கண்மட்டம். ஜன்னல் வெளிச்சம் நேராக விழாத பக்கத்தில் துணிகளையும் கயிறுகளையும் வைத்தோம். பேழைக்கு எனாமல் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வாசம் போகிறவரை, ஒரு மாதம், எதையும் உள்ளே வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு மலை இறங்கினேன்.

தை மாதம் பேத்தி போன் செய்தாள். வீட்டில் கல்யாணம், பாட்டி அந்தப் படியைக் கேட்கிறார், விளக்கு முன்னால் நிறைபடி வைக்க. கொடுக்கலாமா மேடம்? எடுத்தவர் கையெழுத்து, நாள், திரும்பும் நாள் என்று பதிவேட்டில் ஒரு பக்கம் கோடு போட்டு வைத்திருந்தோம், அதை எழுதிவிட்டுக் கொடு என்றேன். தூக்கும்போது அடியில் ஒரு கை என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன்.

மாசியில் நான் போனபோது படி திரும்பி வந்து அலமாரியில் இருந்தது. வாயைச் சுற்றி மஞ்சள், நான்கு பக்கமும் குங்குமப் பொட்டு. அடியில் இரண்டு சாமை மணி ஒட்டியிருந்தது. பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். தானிய மணி இருந்தால் பூச்சி வரும், அதை மட்டும் எடுத்துவிடு என்றேன். எடுத்தாள். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்து, "பயன்பாட்டுத் தடம்" பகுதியில் எழுதினாள்: தை மாதம், கல்யாணம், நிறைபடி, மஞ்சளும் குங்குமமும். யார் கல்யாணம் என்று மணமக்களின் பேரையும் எழுதி, அன்றைய தேதி போட்டாள்.